கிரீஸ் தீவுகளைச் சுத்த பெரிய கப்பலா, ஸ்பீடு போட்டா, ஃப்ளைட்டா?

கிரீஸுக்கு ட்ரிப் போடறவங்க முக்காவாசிப் பேர் முதல்ல பண்ற வேலை என்னன்னா, சான்டோரினி, மைக்கோனோஸ், க்ரீட், கோர்ஃபு, ஸாக்கிந்தோஸ்னு கேள்விப்பட்ட பேரையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டு எதுக்கு எத்தனை நாள்னு பிரிக்கிறது. நானும் வீட்டுக்காரியும் முதல் தடவ போனப்ப அப்படித்தான் பண்ணோம், ஒன்பது நாள்ல நாலு தீவு, ஜூலை கடைசில. ரெண்டாவது தடவ அம்மா அப்பாவக் கூட்டிட்டு செப்டம்பர்ல போனோம், பதினொரு நாள், ரெண்டே தீவு, அப்புறம் ஏதென்ஸ். ரெண்டு ட்ரிப்புக்கும் செலவு பெருசா வித்தியாசம் இல்ல, ஆனா ரெண்டாவதுல தான் ஊரப் பார்த்த மாதிரி இருந்துச்சு, முதல் ட்ரிப்ல பாதி ஞாபகம் துறைமுகத்துல பெட்டிய இழுத்துட்டு நின்னது தான். அதனால எந்தத் தீவு அழகுன்னு இங்க நான் சொல்லப் போறதில்ல, அதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. ஒரு தீவுலேருந்து இன்னொரு தீவுக்கு எதுல போகணும், போனப்புறம் உள்ள எதுல சுத்தணும், எங்க காசு போட்டா பிரயோஜனம், எங்க வேஸ்ட், அது மட்டும் தான்.

டிக்கெட்டுக்கு முன்னாடி மேப்ப ஒரு தடவ ஒழுங்கா பாருங்க. கிரீஸ்ல சின்னதும் பெருசுமா ஆறாயிரம் தீவு கிட்ட இருக்கு, அதுல ஆள் குடியிருக்கிறது 227னு அவங்க டூரிசம் ஆளுங்க சொல்ற கணக்கு. அது எல்லாம் ஒரே கடல்ல பக்கத்துப் பக்கத்துல கிடக்குன்னு நினைச்சுக்கிறது தான் எல்லாத் தப்புக்கும் ஆரம்பம். கோர்ஃபு, கெஃபலோனியா, ஸாக்கிந்தோஸ் எல்லாம் மேற்குப் பக்கம், அயோனியன் கடல். சான்டோரினி, மைக்கோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ் கிழக்குப் பக்கம், ஏஜியன் கடல், சைக்லடீஸ் கூட்டம். நடுவுல மொத்த நாடே படுத்துக் கிடக்கு. ஸாக்கிந்தோஸ்லேருந்து சான்டோரினிக்கு நேர் கப்பல் கிடையாது, தீவ விட்டுக் கரைக்கு வந்து, பஸ் பிடிச்சு ஏதென்ஸ் வந்து, அங்கேருந்து மறுபடியும் கப்பலோ ஃப்ளைட்டோ ஏறணும், ஒரு நாள் காலி. ரோட்ஸ், கோஸ் எல்லாம் துருக்கிக்குப் பக்கத்துல, டொடெகனீஸ் கூட்டம். ஸ்கியாதோஸ், ஸ்கோபெலோஸ் போகணும்னா வோலோஸ் மாதிரி வடக்குப் பக்கத் துறைமுகத்துலேருந்து ஏறணும். ஏஜினா, ஹைட்ரா ரெண்டும் ஏதென்ஸுக்கு வாசல்லயே இருக்கு, காலைல போய் சாயங்காலம் வந்துரலாம்.

அந்தக் கூட்டத்துக்குள்ளயும் லைன் இருக்கு, பஸ் ரூட் மாதிரி. ஏதென்ஸ் துறைமுகமான பிரேயஸ்லேருந்து கிளம்புற ஒரு லைன் பாரோஸ், நாக்ஸோஸ், சில நேரம் இயோஸ், கடைசில சான்டோரினி. இன்னொரு லைன் சீரோஸ், டீனோஸ், மைக்கோனோஸ். மேற்கு லைன் கித்னோஸ், செரிஃபோஸ், சிஃப்னோஸ், மிலோஸ். ஒரே லைன்ல இருக்கிற தீவுகள எடுத்துக்கிட்டா தினமும் கப்பல் இருக்கும், டிக்கெட் கம்மி, நேரமும் கம்மி. ஒரு லைன்லேருந்து இன்னொரு லைனுக்குக் குதிக்கணும்னா, உதாரணத்துக்கு மிலோஸ்லேருந்து மைக்கோனோஸ், சீசன்ல ஸ்பீடு போட் இருக்கும், அது காத்தடிச்சா நின்னுரும், நின்னா உங்க பிளான் மொத்தமும் சரிஞ்சுரும். அதனால முதல்ல லைன எடுங்க, தீவ அப்புறம் எடுக்கலாம்.

இப்ப மெயின் கேள்விக்கு வரேன். பெரிய கப்பல், அதாவது கார் லாரி எல்லாம் ஏத்திட்டுப் போற மெதுவான ஃபெர்ரி. எனக்குப் பிடிச்சது இது தான்னு மொதல்லயே சொல்லிடறேன், ஒருதலைப்பட்சம்னு நினைச்சாலும் பரவால்ல.

பிரேயஸ்லேருந்து காலைல ஏழரை வாக்குல கிளம்புற கப்பல் பாரோஸுக்கு நாலு நாலரை மணி நேரம், நாக்ஸோஸுக்கு அஞ்சு சொச்சம், சான்டோரினிக்கு ஏழரைலேருந்து எட்டு மணி நேரம் எடுத்துக்கும். அவ்ளோ நேரமான்னு தோணும். ஆனா மேல்தளத்துல திறந்தவெளில பெஞ்சு, உள்ள சோஃபா போட்ட ஹால், கேன்டீன், சார்ஜிங் பாயின்ட், கால நீட்டி நடக்க இடம் எல்லாம் இருக்கு. சாதா எகானமி டிக்கெட்டுக்கு சீட் நம்பர் கிடையாது, முன்னாடி போனவங்க நல்ல இடம் பிடிப்பாங்க, அதனால அரை மணி முன்னாடி ஏறிடுங்க. கூட ஒரு சில யூரோ போட்டா நம்பர் சீட் கிடைக்கும், வயசானவங்க வந்தா அத எடுத்துருங்க, அது மதிப்புள்ள காசு. அங்க எல்லார் கையிலயும் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் இருக்கும், ஃப்ரெட்டோ எஸ்பிரெஸ்ஸோன்னு ஐஸ் போட்டு நுரை தள்ற காபி, எட்டு மணி நேரத்துக்கும் அத ஒண்ணையே உறிஞ்சிட்டு உக்காந்திருப்பாங்க. அம்மா முதல்ல வேணாம்னாங்க, நாக்ஸோஸ் வர்றதுக்குள்ள ரெண்டாவது கேட்டாங்க.

இறங்குற நேரம் தான் புதுசா போறவங்களுக்குப் பதட்டமா இருக்கும், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். தீவு வர்றதுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் முன்னாடி கிரேக்கத்துலயும் இங்கிலீஷ்லயும் அறிவிப்பு வரும், கேட்டதும் கீழ கராஜுக்கு இறங்கணும். நீங்க ஏறும்போதே பெட்டிய அங்க தான் வெச்சிருப்பீங்க, ஒவ்வொரு ரேக் மேலயும் தீவு பேர் எழுதியிருக்கும், வேற தீவு ரேக்ல வெச்சிட்டா கடைசி நேரத்துல தேடணும், ஏறும்போதே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. கீழ இருட்டா இருக்கும், டீசல் வாசன, லாரிக்கும் செவுத்துக்கும் நடுவுல நூறு பேர் பெட்டியோட நிப்பாங்க, தரை காலுக்குக் கீழ அதிரும். கப்பல் அப்படியே ரிவர்ஸ்ல துறைமுகத்துக்குள்ள வரும், பின்பக்கக் கதவு சங்கிலிச் சத்தத்தோட மெதுவா கீழ இறங்கும், முதல்ல ஒரு கோடு வெளிச்சம், அப்புறம் வெள்ளை வீடு, அப்புறம் மொத்த ஊரும் அந்தக் கதவுக்குள்ள தெரியும். நாக்ஸோஸ்ல இறங்கி லேசா திரும்புனா கடலோரத்துல போர்ட்டாரா நிக்கும், கட்டி முடிக்காம விட்ட கோயிலோட வாசல் மட்டும், ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷமா அங்கயே நிக்கிற மார்பிள். அப்பா பெட்டிய அங்கயே வெச்சிட்டுப் பார்த்துட்டே இருந்தார், பின்னாடி வந்தவங்க சுத்திப் போனாங்க. கப்பல் நிக்கிறது கொஞ்ச நேரம் தான், அதுக்குள்ள இறங்குறவங்க இறங்கி ஏறுறவங்க ஏறி வண்டியும் மாறி கிளம்பிடும், அதனால அறிவிப்பு வந்ததும் காபிய முடிச்சிட்டுப் போலாம்னு உக்காந்திராதீங்க.

ஸ்பீடு போட், அதாவது கேடமரான். பிரேயஸ்லேருந்து சான்டோரினிக்கு அஞ்சு மணி நேரம் சுமாரா, மைக்கோனோஸுக்கு மூணு மணி சொச்சம். மணி கணக்குல பார்த்தா நல்லா தான் இருக்கு, ஆனா டிக்கெட் பெரிய கப்பல விட ஒண்ணரை மடங்கு, சில நேரம் ரெண்டு மடங்கு. சான்டோரினிக்கு பெரிய கப்பல்ல 50 யூரோ கிட்ட வரும்னா இதுல 80, 90ன்னு நிக்கும், சீசனுக்குத் தக்க ஏறி இறங்கும். ப்ளேன் மாதிரி நம்பர் சீட்ல உக்காந்தே போகணும், நிறைய போட்ல வெளிய நிக்க தளமே கிடையாது, கடலுக்கு நடுவுல போறோம், ஆனா உப்புக் காத்து மூஞ்சில படாது. அலை இருந்தா லேசான போட் தூக்கிப் போடும். வாந்தி வர்ற உடம்பு இருக்கிறவங்க மாத்திரைய ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும், ஏறினப்புறம் போட்டா வேலை செய்யாது.

இதுல காத்து விஷயத்த நான் அழுத்திச் சொல்லணும், ஏன்னா எங்க முதல் ட்ரிப் அதுல தான் மாட்டுச்சு. ஜூலை ஆகஸ்ட்ல ஏஜியன் கடல்ல வடக்குலேருந்து மெல்டெமின்னு ஒரு காத்து வீசும். வானம் பளிச்சுனு நீலமா இருக்கும், மழை மேகம் ஒரு துண்டு கிடையாது, ஆனா காத்து நாள் கணக்கா நிக்காம அடிக்கும். நம்ம ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்வோம்ல, சரியா அதே மாசத்துல அங்கயும். காத்து ஒரு அளவத் தாண்டினா துறைமுக அதிகாரிங்க கப்பல் கிளம்பக் கூடாதுன்னு தடை போடுவாங்க. அந்த அளவு கப்பலுக்குக் கப்பல் மாறும், கேடமரான் முதல்ல நிக்கும், பெரிய கப்பல் அதுக்கப்புறமும் ஓடும். நாங்க சான்டோரினிலேருந்து மைக்கோனோஸுக்கு கேடமரான் போட்டிருந்தோம். முந்தின நாள் ராத்திரி பதினொண்ணே காலுக்கு கேன்சல்னு மெசேஜ். காலைல துறைமுகத்துல டிக்கெட் கடை வாசல்ல நூறு பேர் வரிசை. கண்ணுக்கு முன்னாடியே பெரிய கப்பல் ஒண்ணு அலைய வெட்டிக்கிட்டு வந்து நிக்குது, பாரோஸ் வழியா பிரேயஸ் போறது. மைக்கோனோஸ அங்கயே விட்டுட்டு பாரோஸுக்கு டிக்கெட் எடுத்து ஏறிட்டோம். மைக்கோனோஸ்ல கட்டின ரூம் காசு திரும்ப வரல, கப்பல் டிக்கெட் காசு மட்டும் வந்துச்சு.

ஐரோப்பிய சட்டப்படி கப்பல் கேன்சல் ஆனா, இல்ல கிளம்ப தொண்ணூறு நிமிஷத்துக்கு மேல லேட் ஆனா, வேற வழில கொண்டு போய் விடணும் இல்லாட்டி காசத் திருப்பணும், ரெண்டுல எதுன்னு நீங்க தான் சொல்லலாம். ஆனா காத்தாலயோ புயலாலயோ நின்னா ஹோட்டல் செலவோ நஷ்ட ஈடோ கேட்க முடியாது. அதனால ஜூலை ஆகஸ்ட்ல கேடமரான் போடறவங்க அடுத்த ஊர் ரூம கேன்சல் பண்ண முடியிற மாதிரி போடுங்க, பத்துப் பதினஞ்சு யூரோ கூட ஆனாலும். மே, ஜூன், செப்டம்பர்ல போனா இந்தத் தலைவலி ரொம்பக் குறைவு. நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் கேடமரான் அனேகமா ஓடாது, பெரிய கப்பலும் குறையும். இன்னொண்ணு, கப்பல்காரங்க ஸ்ட்ரைக் பண்றதும் உண்டு, மே 1ம் தேதி கப்பல் ஏறுற மாதிரி பிளான் வெக்காதீங்க. ஆகஸ்ட் 15ஐ ஒட்டியும் பார்த்து, அன்னிக்கு மாதா திருநாள், டீனோஸ் தீவுல இருக்கிற மாதா கோயிலுக்கு நாடே கிளம்பும், அந்த வாரம் டிக்கெட் மாசக் கணக்கா முன்னாடியே போயிரும்.

ஃப்ளைட். ஏதென்ஸ்லேருந்து சான்டோரினிக்கு முக்கால் மணி நேரம், மைக்கோனோஸ் அதைவிடக் கம்மி. ஏஜியன், ஒலிம்பிக், ஸ்கை எக்ஸ்பிரஸ்னு விமானக் கம்பெனிங்க ஓட்டுறாங்க, நிறைய ரூட்ல ப்ரொப்பெல்லர் வெச்ச சின்ன ப்ளேன் தான். முன்கூட்டியே எடுத்தா கேடமரான் விலைக்கே டிக்கெட் கிடைக்கும், ஆனா மலிவான டிக்கெட்ல பெட்டி சேராது, அதையும் கூட்டிப் பாருங்க. ஊருக்குள்ளேருந்து கிளம்பறவங்களுக்கு ஏர்போர்ட் போறது, செக்யூரிட்டி, காத்திருப்பு, அந்தப் பக்கம் பெட்டிக்கு நிக்கிறதுன்னு கூட்டினா மொத்தம் நாலு மணி நேரம் ஆயிரும், அப்ப கப்பலுக்கும் அதுக்கும் மிச்சம் மூணு நாலு மணி நேரம் தான். அந்த மூணு மணி நேரத்துக்காகக் கடல விடணுமான்னு நீங்க யோசிச்சுக்கோங்க.

ஆனா மூணு இடத்துல ஃப்ளைட் தான் சரி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. நம்ம ஊர்லேருந்து துபாயோ தோஹாவோ மாறி ஏதென்ஸ் ஏர்போர்ட்ல மதியம் இறங்கறீங்க, அன்னிக்கே தீவுக்குப் போகணும்னா, காலைக் கப்பல் போயிருக்கும், அதே ஏர்போர்ட்லயே அடுத்த ஃப்ளைட் ஏறிடறது புத்திசாலித்தனம், நடுவுல நாலு மணி நேரமாவது விடுங்க. ரெண்டாவது, ரோட்ஸ் மாதிரி தூரத் தீவு, கப்பல்ல பதினாலு பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல, ஃப்ளைட்ல ஒரு மணி நேரம். மூணாவது கோர்ஃபு, பிரேயஸ்லேருந்து கப்பலே கிடையாது, ரோட்ல இகுமெனிட்சா வரைக்கும் போய் அங்கேருந்து ஒண்ணரை மணி நேர ஃபெர்ரி. தீவுலேருந்து தீவுக்கு நேர் ஃப்ளைட் ரொம்பக் கம்மி, பெரும்பாலும் ஏதென்ஸ் வந்து தான் மாறணும். இயோஸ், சிஃப்னோஸ், டீனோஸ், அமோர்கோஸ் இதுக்கெல்லாம் ஏர்போர்ட்டே இல்ல.

நான் இப்ப யாருக்குச் சொன்னாலும் சொல்றது, போகும்போது பெரிய கப்பல், ஒரே லைன்ல ரெண்டு இல்ல மூணு தீவு, கடைசித் தீவுலேருந்து ஏதென்ஸுக்குத் திரும்பறதுக்கு மட்டும் ஃப்ளைட். ஒவ்வொரு தடவ தீவு மாறும்போதும் ரூம் காலி பண்றது, துறைமுகம், காத்திருப்பு, புது ரூம்னு அரை நாள் போயிரும், அது எதுல போனாலும் போகும். நாலு தீவுன்னா ரெண்டு நாள் அதுக்கே. அந்தக் கணக்கப் போட்டுட்டுத் தீவு எண்ணிக்கைய முடிவு பண்ணுங்க.

துறைமுகம் பத்தி சுருக்கமா. பிரேயஸ் ரொம்பப் பெருசு, ஈ1, ஈ2ன்னு கேட் நம்பர் போட்டிருக்கும், ஒரு கேட்லேருந்து இன்னொண்ணுக்கு கிலோமீட்டர் கணக்குல நடக்கணும், உள்ள இலவச பஸ் சுத்தும். சைக்லடீஸ் கப்பல் பெரும்பாலும் ஈ6, ஈ7 பக்கம், மெட்ரோ ஸ்டேஷனுக்கு எதிர்லயே, க்ரீட், ரோட்ஸ் கப்பல் அந்தக் கடைசில. டிக்கெட்ல இருக்கிற கேட்ட முந்தின நாளே பார்த்துக்கோங்க. 2022லேருந்து நீல லைன் மெட்ரோ ஏர்போர்ட்லேருந்து நேரா பிரேயஸ் வரைக்கும் வருது, ஒரு மணி நேரம், 9 யூரோ. எக்ஸ்96 பஸ் ராத்திரி பூரா ஓடும், அதுக்கு 5.50. ஏதென்ஸுக்கு இன்னொரு துறைமுகம் ராஃபினான்னு இருக்கு, ஏர்போர்ட்லேருந்து பஸ்ல முக்கால் மணிக்குள்ள போயிரலாம், ஆண்ட்ரோஸ், டீனோஸ், மைக்கோனோஸ் போறவங்க ஏர்போர்ட்லேருந்து நேரா வர்றதா இருந்தா பிரேயஸ விட அது சுலபம், கூட்டமும் கம்மி. நிறையப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியறதில்ல.

இனி தீவுக்குள்ள. இங்க ஒரே பதில் எல்லாத் தீவுக்கும் பொருந்தாது.

சான்டோரினிக்கு பஸ் போதும்னு நான் சொல்வேன். எல்லா பஸ்ஸும் ஃபிரான்னு நடு ஊர்லேருந்து கிளம்பும், ஓயாலேருந்து பெரிஸ்ஸா பீச்சுக்குப் போகணும்னாலும் ஃபிரால இறங்கி மாறணும், அதனால ரூம ஃபிரால இல்ல பஸ் வர்ற ரோட்டு மேல எடுத்தா கார் தேவைப்படாது. ரோடு குறுகல், பார்க்கிங் கிடையாது, கப்பல் வர்ற நேரம் துறைமுகத்துலேருந்து மேல ஏறுற கொண்டை ஊசி வளைவுல பஸ்ஸும் காரும் நகராம நிக்கும். ஒரே கஷ்டம் ஓயால சூரியன் மறையறதப் பார்த்துட்டுத் திரும்பற நேரம், அத்தன பேரும் ஒரே பஸ்ஸுக்கு நிப்பாங்க. மறைஞ்சதும் ஓடாம அங்கயே சாப்பிட்டுட்டு ஒண்ணரை மணி நேரம் கழிச்சுக் கிளம்புங்க, கடைசி பஸ் நேரத்த மட்டும் கேட்டு வெச்சுக்கோங்க. டாக்ஸிய நம்பாதீங்க, தீவுக்கே எண்ணிச் சொல்ற அளவுக்குத் தான் இருக்கு, மைக்கோனோஸும் அப்படியே.

நாக்ஸோஸ்ல கலவை. பீச் பக்கம், ஆகியோஸ் ப்ரோகோபியோஸ், ஆகியா அன்னா, ப்ளாகா இதுக்கெல்லாம் சீசன்ல அடிக்கடி பஸ். மலை மேல ஹால்கி, அபெய்ராந்தோஸ் கிராமங்களுக்கு நாளைக்கு சில பஸ் தான், அதுக்கு ஒரே ஒரு நாள் கார் எடுத்தோம், அது போதுமா இருந்துச்சு. மிலோஸுக்குப் போறவங்க கார் எடுங்க, பீச் எல்லாம் சிதறிக் கிடக்கு, ஆனா மேற்குப் பக்க மண் ரோட்டுல போனா பெரும்பாலான வாடகைக் கம்பெனியோட இன்ஷூரன்ஸ் செல்லாது, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அத வாசிச்சுருங்க.

க்ரீட் வேற கதை. கிழக்கு மேற்கா 260 கிலோமீட்டர், அது ஒரு சின்ன நாடு. வடக்குக் கரையில ஹெராக்லியோன், ரெதிம்னோ, ஹானியா மூணுக்கும் நல்ல பஸ் இருக்கு, ஹெராக்லியோன்லேருந்து ஹானியாவுக்கு ரெண்டே முக்கால் மணி சுமாரா. தெற்குக் கரை, மலை கிராமம் பார்க்கணும்னா கார் இல்லாம கஷ்டம். ஒரே ஒரு இடத்துல கார் இடைஞ்சல், சமாரியா பள்ளத்தாக்கு. மேல ஆரம்பிச்சு 16 கிலோமீட்டர் கீழ நடந்து இறங்கினா கடலோரத்துல ஆகியா ருமேலின்னு ஒரு ஊர், அதுக்கு ரோடே கிடையாது, படகுல பக்கத்து ஊர் போய் அங்கேருந்து பஸ் பிடிக்கணும். கார மேல விட்டுட்டு இறங்கினா அத எடுக்க மறுபடியும் மலை ஏறணும், அதனால அன்னிக்கு பஸ்ஸும் படகும் தான்.

கார் எடுக்கறவங்களுக்கு, நம்ம லைசென்ஸோட ஆர்டிஓ ஆபீஸ்ல குடுக்கிற இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கட்டாயம் வேணும், சில கடையில கேட்காம குடுத்துருவாங்க, ஆனா ஆக்ஸிடென்ட் ஆனா இன்ஷூரன்ஸ் கை விரிச்சுரும். அங்க வலது பக்கம் ஓட்டணும், முதல் அரை நாள் ஒவ்வொரு திருப்பத்துலயும் பக்கத்துல இருக்கிறவங்க "வலது, வலது"ன்னு சொல்லிட்டே வரணும். ஆட்டோமேட்டிக் கார் கம்மி, விலையும் கூட, வேணும்னா சீக்கிரம் புக் பண்ணுங்க. காரக் கப்பல்ல ஏத்திட்டுப் போறது டூரிஸ்டுக்குத் தேவையில்லாத செலவு, வாடகைக் கம்பெனி நிறைய பேர் எழுத்துல அனுமதி இல்லாம விடவும் மாட்டாங்க, தீவுக்குத் தீவு தனித்தனியா எடுத்தாலே மலிவு.

நாலு சக்கர பைக், ஏடிவி. போட்டோவுக்கு ஜாலியா இருக்கும், கிரேக்கக்காரங்க அத குருனான்னு சொல்றாங்க, பெண் பன்னின்னு அர்த்தம். நான் வேண்டாம்னு தான் சொல்வேன், கெஞ்சியே சொல்வேன். அகலமா இருக்கிறதால பத்திரம்னு தோணும், ஆனா சரளைக்கல் வளைவுல கவுந்துரும். பாரோஸ்ல எங்க ரூம் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு கையும் முழங்காலும் கட்டுப் போட்டுக்கிட்டு மூணு நாள் வராந்தாலயே உக்காந்திருந்தா, கடல் இருபதடி தூரத்துல. ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், கடைல பெரும்பாலும் குடுப்பாங்க, குடுக்கலன்னா வேற கடைக்குப் போங்க. அந்தக் காசுக்குக் கொஞ்சம் மேல போட்டா சின்ன கார் வரும்.

ஹைட்ரால இந்தக் கேள்வியே வராது, அங்க கார், பைக் எதுவும் ஓட்டக்கூடாது, கோவேறு கழுதை மேல பெட்டி போகும், மத்தபடி நடை இல்ல படகு. வயசானவங்களோட போனா துறைமுகத்துக்குப் பக்கத்துல படி இல்லாத ரூமா கேட்டுப் பாருங்க.

தீவ விட்டு மெயின்லேண்ட்ல சுத்தறதுக்கு க்டெல்னு ஊருக்கு ஊர் ஓடுற பஸ் தான் நம்பகமானது, டெல்ஃபிக்கு மூணு மணி நேரம், நாஃப்லியோவுக்கு ரெண்டேகால் சொச்சம், ஏதென்ஸ்ல ரெண்டு தனித்தனி பஸ் ஸ்டாண்டு, டெல்ஃபிக்கு லியோசியோன், நாஃப்லியோவுக்கு கிஃபிசோஸ், மாத்திப் போயிட்டா பஸ் போயிரும். ட்ரெய்ன் தெசலோனிகி போறவங்களுக்கு மட்டும் யோசிக்கலாம், மத்த இடத்துக்கெல்லாம் லைன் கம்மி. நாலு பேரா பெலொபொனீஸ் பக்கம் மூணு நாள் சுத்தறதா இருந்தா கார் தான் லாபம்.

கடைசியா ஊருக்குத் திரும்பற ஃப்ளைட்டுக்கு முந்தின ராத்திரி ஏதென்ஸ்ல இருங்க, எந்தத் தீவு எவ்ளோ பக்கமா இருந்தாலும் சரி. தீவுலேருந்து அன்னிக்கே கப்பல்ல வந்து அன்னிக்கே இன்டர்நேஷனல் ஃப்ளைட் ஏறுறதுன்னு பிளான் போடாதீங்க, ஒரு நாள் காத்து போதும் மொத்த டிக்கெட்டும் போக.

அம்மா அப்பாவோட நாங்க க்ரீட்லேருந்து திரும்பினது ராத்திரிக் கப்பல்ல. ஹெராக்லியோன்ல ஒன்பது மணிக்கு ஏறினா காலைல ஆறு மணி வாக்குல பிரேயஸ், கேபின் எடுத்தா கட்டில், பாத்ரூம் எல்லாம் உள்ளயே, ஒரு ராத்திரி ஹோட்டல் காசும் மிச்சம். ஃப்ளைட்ட விட அது ஒண்ணும் மலிவு இல்ல, நாலு பேர் கேபின்னா கிட்டத்தட்ட அதே தான். அம்மாவுக்கு மேல் கட்டில் ஏற முடியாதுன்னு கீழ் கட்டில் ரெண்டையும் அவங்களுக்கு விட்டுட்டோம். அஞ்சு மணிக்கு எழுந்து பார்த்தா ரெண்டு பேரும் கேபின்ல இல்ல. மேல போனா, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கம்பியப் பிடிச்சிட்டு நிக்கறாங்க, தூரத்துல பிரேயஸ் விளக்கு வரிசையா தெரியுது, அப்பா ஒவ்வொரு கப்பலா விரலால எண்ணிட்டு இருக்கார்.